எட்டுக் காலி வரிகள்

நான் செய்த முதல் விண்டோ, கம்ப்யூட்டர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் வெளுத்துப்போய் நின்றது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சி மையம். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய்ப் பைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரையில் கணக்குப் போடுகிற ப்ரோக்ராம்கள் எனக்கு நன்றாகவே வந்தன. பட்டன், பெட்டி, படம் என்று கண்ணுக்குத் தெரிகிற ஸ்க்ரீன் செய்யச் சொன்ன வாரத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

பட்டனை அழுத்தினால் பத்து விநாடி எண்ணிவிட்டு 'வணக்கம்' என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் பாடம். நான் எண்ணுகிற வேலை முழுவதையும் பட்டனுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டேன். அழுத்தியதும் விண்டோ எண்ணப் போய்விட்டது. அதற்குப் பிறகு அது எதையும் கேட்கவில்லை, நகரவில்லை, மூடவும் விடவில்லை. நடுவில் வேறு தப்பு இருந்ததால் எண்ணி முடிக்கவும் இல்லை.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றார் சார். "கூப்ட்டா காது கேக்காத ஸ்க்ரீன் ஒண்ணு செஞ்சிருக்கு இந்தப் பொண்ணு. மூடாத, அப்படியே கெடக்கட்டும். மத்தியானம் வரைக்கும் எல்லாரும் பாத்துக்கட்டும்."

அவர் அதைச் சுவரில் பெரிதாகத் தெரியும்படி ப்ரொஜெக்டரில் போட்டார். இருபது பேர் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், என் டிபன் பாக்ஸில் பாதியைத் தினமும் தின்கிறவள், அவளும் சிரித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

சாரிடம் நான் படித்ததில் பாதி நல்ல பாடம். விண்டோ என்பது எப்போதும் காத்திருக்க வேண்டும், தொட்டால் சட்டென்று வேலையை முடித்துவிட்டுத் திரும்பவும் வந்து காத்திருக்க வேண்டும் என்று அவர்தான் புரியவைத்தார். மீதிப் பாதி இது: "யூசர்னு ஒருத்தன் வருவான். அவன் முட்டாள்னு நெனச்சுக்கிட்டு எழுது. அவன் கைய எங்க வச்சாலும் தட்டி உடு. அப்பதான் உன் ஸ்க்ரீன் ஒடையாது." இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். எனக்குக் கீழேயும் ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்பதில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கு நான் அப்படிப்பட்டவள்.

கடைசி மாதம் ஆளுக்கொரு ப்ராஜெக்ட். சிதம்பரத்தில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. அதன் டாக்டர் சாருக்குத் தெரிந்தவர். வருகிற நோயாளிகளுக்கு டோக்கன் போட்டு, வரிசைப்படி கூப்பிட ஒரு ஸ்க்ரீன் வேண்டும் என்று கேட்டிருந்தார். அது எனக்கு வந்தது. அது நன்றாக ஓடினால்தான் சர்டிபிகேட் என்று சார் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு அக்கா இருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். குமராட்சிப் பக்கத்திலிருந்து விடிந்ததும் கிளம்பி வருகிறவர். வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த பிறகு, அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் இவர் ஒருத்திதான். இதையெல்லாம் நான் கேட்காமலே முதல் நாளே சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்:

"இந்தக் கம்ப்யூட்டரு வந்தா என்ன நிறுத்திடுவாங்களா பாப்பா?"

"அதெல்லாம் இல்லக்கா. உங்க வேலதான் ஈசியாவும்," என்றேன்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒன்று, இரண்டு என்று பத்து வரை பெயர்கள். பிறகு எட்டு வரி காலி. பிறகு பத்தொன்பதிலிருந்து பெயர்கள். முந்தின நாள் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே அந்த எட்டு வரியும் வேறு மையில் நிரம்பியிருந்தது. ஏன் நடுவில் விடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அது மினிபஸ்ஸுக்கு," என்றார். "நம்ம பக்கத்து வண்டி இங்க வர பத்து மணியாயிடும். அதுக்குள்ள டவுன்காரங்க முப்பது பேரு வந்துடுவாங்க. வயசானவங்க பாப்பா அதுல வர்றவங்க. சொட்டு மருந்து ஊத்தி ஒரு மணி நேரம் ஒக்காரணும், அப்பறந்தான் டாக்டர் பாப்பாரு. ஒரு மணிக்கு வண்டி திரும்புது. அத உட்டா நாலு மணிதான். மருந்து ஊத்துன கண்ணோட வெயில்ல எங்க போயி நிப்பாங்க?"

இவ்வளவு தெளிவாகச் சொன்னார். நானும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். கேட்டுவிட்டு என் நோட்டில் எழுதியது இது: 'வரிசை எண்ணில் இடைவெளி – தவறு – சரிசெய்ய வேண்டும்.' தன் ஊர்க்காரர்களை முன்னால் தள்ளுகிறார், அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு வாரத்தில் ஸ்க்ரீன் தயார். மேலே ஆஸ்பத்திரிப் பெயர், கீழே பெயர், பிறந்த தேதி, ஊர் என்று மூன்று பெட்டி, பச்சை நிறத்தில் 'பதிவு செய்' பட்டன். டாக்டர் அறையில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் ஹாலில் இருக்கும் டிவியில் அடுத்த எண்ணும் பெயரும் தெரியும், ஸ்பீக்கரில் குரல் கூப்பிடும். குரல் என்னுடையதுதான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றிலிருந்து நூறு வரை பேசிப் பதிவு செய்திருந்தேன்.

டாக்டர், நர்ஸ், காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் சுற்றி நிற்க ஓட்டிக்காட்டினேன். முடித்ததும் அக்கா சொன்னார்: "இவ்ளோதானா பாப்பா? இத நான் நோட்டுலயே செய்றனே."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் ஹால் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு செருப்புக் கடை மாடியில் கேட்டது மாதிரியே இருந்தது.

அடுத்த வாரம் நான் கொண்டுபோன ஸ்க்ரீனில் புதிதாக ஒன்று இருந்தது. எதையாவது தப்பாக நிரப்பினால் நடுவில் சிவப்புப் பெட்டி ஒன்று குதித்து வரும். 'தவறு! கவனமாகப் படித்து நிரப்பவும்.' கூடவே ஒரு சத்தம். எத்தனையோ சத்தங்களைக் கேட்டுப் பார்த்து, லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது வருவது போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அது ஹாலின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்.

பிறந்த தேதி பெட்டியைக் காலியாக விட முடியாது. வருகிற கிழவிகளில் எத்தனை பேருக்குப் பிறந்த தேதி தெரியும்? "அறுவது இருக்கும்மா" என்பார்கள். அக்கா அறுபது என்று அடிப்பார். சத்தம் வரும். நோட்டில் பேனா பிடித்த கைக்கு மவுஸ் வழுக்கும். பட்டனுக்குப் பக்கத்தில் அழுத்துவார். பெஞ்சில் யாராவது, "அக்காவுக்கு மறுபடியும் ஃபெயிலு" என்பார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்தார், முதல் இரண்டு நாள். மூன்றாம் நாள் அவர் சிரிக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் லேசாகத் தூக்கிப்போடும். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதாமல் விட்டால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை, நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார்.

"பாப்பா, கோச்சுக்காத. பத்துக்கு அப்பறம் ஒரு எட்டு எடம் உட்டு வைக்க ஒரு பட்டன் வச்சுக் குடேன். அந்த சனங்க வந்து நின்னா எனக்கு ஒண்ணும் சொல்ல முடியல. நேத்திக்கு ஒரு அம்மா வண்டிய உட்டுடுச்சு."

"அப்படிலாம் முடியாதுக்கா. சிஸ்டம் ஏத்துக்காது," என்றேன்.

சிஸ்டம் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொள்ளுமா என்று எனக்கே சந்தேகம் இருந்ததால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து செய்து பார்த்தேன். காலையில் ஆரம்பித்தேன், கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்துக்கு முடிந்துவிட்டது. 'இடம் ஒதுக்கு' என்று ஒரு பட்டன். அழுத்தினால் எத்தனை இடம் என்று கேட்கும், அத்தனை எண்ணைத் தாண்டிப் போகும். ஆள் வந்தால் நிரப்பலாம். வராவிட்டால் கூப்பிடாமல் தானே விட்டுவிடும். நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். பிசகில்லாமல் ஓடியது. நான் செய்ததிலேயே அழகான வேலை அதுதான் என்று அப்போதே தோன்றியது.

அதைப் போய் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் போடவில்லை. சாரிடம் சொன்னபோது, "யூசர் கேக்குறதுக்கெல்லாம் ஆடுனா ப்ராஜெக்ட் முடியாது" என்றார். அதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. அந்தப் பட்டனைப் போட்டால், நோட்டில் இருந்தது என் ஸ்க்ரீனில் இல்லாமல் போயிருந்தது என்று ஆகிவிடும். அக்கா சொன்னது சரி என்று ஆகிவிடும்.

அதற்குள் அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பத்துப் பேரைப் பதிந்ததும், பெயர்ப் பெட்டியில் 'குமராட்சி' என்று அடிப்பார். பிறந்த தேதிக்கு மனதில் தோன்றிய ஏதோ ஒரு தேதி. எட்டுத் தடவை. மினிபஸ் வந்ததும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு உண்மையான பெயரைப் போடுவார். என் ப்ரோக்ராம் அழிக்கிற ஒவ்வொன்றையும் தனியாக ஒரு ஃபைலில் எழுதி வைக்கும்படி செய்திருந்தேன், அதில்தான் பார்த்தேன். நான் முட்டாள் என்று நினைத்து எழுதிய யூசர், நான் தர மறுத்த பட்டனைத் தானே செய்துகொண்டார். எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. ஃபைலை மூடிவிட்டு யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ப்ராஜெக்டை ஒப்படைக்கிற நாள் நல்ல மழை. சாரும் கடலூரிலிருந்து என்னோடு வந்திருந்தார். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறி ரோட்டுக்கு வந்துவிட்டது என்றார்கள். அக்கா மட்டும் யாருடைய டிராக்டரிலோ ஏறி, புடவை முழங்கால்வரை நனைந்து வந்து சேர்ந்திருந்தார். எப்போதும் போல எட்டு இடம் போட்டு வைத்தார். பத்து மணிக்கு மினிபஸ் வரவில்லை. பத்தேகாலுக்கும் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார்.

அழிப்பதை நான் கடினமாக்கி வைத்திருந்தேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று ஒரு தடவை, 'காரணம் எழுதவும்' என்று இன்னொரு தடவை. காரணம் எழுதாவிட்டால் சத்தம். மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து ஹால் நிறைந்திருந்தது, ஜன்னலில் நாலு பேர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள், அக்காவின் விரல் ஈரம். சத்தம், திரும்பவும் சத்தம். முதலாவதையே அவர் அழித்து முடிக்கவில்லை. அதற்குள் டாக்டர் உள்ளே பட்டனை அழுத்திவிட்டார்.

"டோக்கன் எண் பதினொன்று," என்றது என் குரல். டிவியில் 'குமராட்சி' என்று வந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் மறுபடி அழுத்தினார். "டோக்கன் எண் பன்னிரண்டு." குமராட்சி. பதின்மூன்று. குமராட்சி. ஹாலில் யாரோ, "ஊரே வந்துருக்குது போல" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. பதினான்கு, பதினைந்து. நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகிய இனிமையான குரல் ஒவ்வொரு எண்ணாக அக்காவைக் காட்டிக்கொடுத்தது. பதினெட்டு வரை போனது. டாக்டர் எழுந்து வெளியே வந்தார். சாரும் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னாம்மா இது?" என்றார் டாக்டர் அக்காவிடம்.

"சார், மினிபஸ்காரங்களுக்கு..."

"இல்லாத ஆளுக்கு டோக்கன் போட்டு வச்சிருக்கீங்க. எத்தன நாளா நடக்குது?" டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இதுக்கு ரெக்கார்டு இருக்கா?"

இருந்தது. ஃபைலைத் திறந்து காட்டினேன். திரை முழுக்கக் குமராட்சி, குமராட்சி என்று கீழே கீழே ஓடியது. டாக்டர் படித்துக்கொண்டே போனார். "உங்க ஊரு ஆளுங்கள முன்னாடி உட்டுக்கினு இருந்திருக்கீங்க. வெளிய மழைல நிக்கிறவங்க எல்லாம் மனுசங்க இல்லையா?"

"அய்யோ, இல்ல சார்," என்றார் அக்கா. என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. எதுக்குப் போட்டன்னு உனக்குத் தெரியும்ல? உங்கிட்ட பட்டன் கேட்டன்ல?"

சார் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கேள்வி ஒன்றுதான்: இந்த ஸ்க்ரீன் உடைந்ததா, இல்லையா? என் பையில் லேப்டாப் இருந்தது. அதில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டன் இருந்தது. எடுத்துத் திறந்து, 'இது என் குறை சார், இந்தாங்க' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

"எனக்கு எதுவும் தெரியாது சார்," என்றேன். "ப்ரோக்ராம் கரெக்டாத்தான் இருக்கு."

அக்கா அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோதும் அவர் சத்தம் போடவில்லை. "வூட்ல நான் ஒருத்திதான் சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மேசைக்கு அடியில் வைத்திருந்த பழைய நோட்டை எடுத்தார். அது ஆஸ்பத்திரி நோட்டு என்று நர்ஸ் சொன்னதும் திரும்ப வைத்துவிட்டார். டிபன் பாக்ஸையும் குடையையும் மட்டும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். திரும்பிப் போக வண்டி இருந்ததா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சார் என் தலையில் லேசாகத் தட்டி, "இன்னைக்குத்தான் நீ ப்ரோக்ராமர்" என்றார். புதுச்சத்திரம் தாண்டும்வரை எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதன் பிறகு வாந்தி வந்தது. பஸ் குலுங்கியதால் என்று சொன்னேன்.

வரவேற்புக்கு ஆள் கிடைக்கிறவரை நீயே உட்கார்ந்துகொள் என்றார் டாக்டர். ஸ்க்ரீனையும் பார்த்துக்கொள்ளலாம், எனக்கும் வேறு வேலை இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் பிறந்த தேதியை நான் மாற்றி அடித்தேன். லாரி சத்தம் வந்தது. ஹால் திரும்பிப் பார்த்தது. மத்தியானத்துக்குள் அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டேன். பிறந்த தேதிக்குப் பதில் வயது போதும் என்றும் மாற்றினேன். என்னால் அதை ஒரு நாள்கூடத் தாங்க முடியவில்லை.

தண்ணீர் வடிந்து மினிபஸ் வந்தது. எட்டுப் பேருக்கும் நாற்பதுக்கு மேல் டோக்கன். மருந்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு மணி வண்டி போய்விட்டது. டாக்டர் பார்த்து முடித்த பிறகு மத்தியானம் ஆஸ்பத்திரியைப் பூட்ட வேண்டும். வெளியே படிக்கட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், நாலு மணிவரை. அதில் ஒரு பெரியவர் என்னிடம், "அந்தப் பொண்ணு லீவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். அப்போதும் ஆமாம் என்றேன்.

மூன்றாவது வாரம் படிக்கட்டில் ஒரு அம்மாள் கண் கூசித் தடுமாறி விழுந்தார். அடி பெரிதில்லை, ஆனால் கூட வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இவுங்களுக்கு முன்னாடியே எடம் உடுற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?" என்றார்.

"ரெண்டு நாள் குடுங்க சார்," என்றேன்.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் லேப்டாப்பிலிருந்து அந்தப் பட்டனை ஏற்றினேன். டாக்டர் ஹாலுக்கு வந்து, எல்லோர் முன்னாலும், "இதுக்குத்தான் படிச்ச புள்ளைங்க வேணும்ங்கிறது" என்றார்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் மினிபஸ் கும்பலோடு அக்கா வந்தார். மாமியாருக்குக் கண்புரை. கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார், நடவு வேலைக்குப் போகிறாராம், விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். நான் அவசர அவசரமாக மாமியாரின் பெயரைக் கேட்டேன், வயதைக் கேட்டேன். பன்னிரண்டாம் எண் கொடுத்தேன்.

அவர் டோக்கனைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து என் திரையைப் பார்த்தார். 'இடம் ஒதுக்கு' என்ற பட்டனை எழுத்துக் கூட்டி வாய்க்குள் படித்தார்.

"நல்லா இருக்கு பாப்பா," என்றார். மனதாரத்தான் சொன்னார். "செய்ய ரொம்ப நாளாச்சா?"

வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. எப்படியோ அது வரவில்லை. "ஒரு ஞாயித்துக்கெழமதான்க்கா," என்றேன்.

அக்கா திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். மாமியாரின் கையைப் பிடித்திருந்த கை இறுகியது.

"எந்த ஞாயித்துக்கெழம?"

நான் அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "அடுத்து வாங்க" என்றேன்.